ஓரத்துப் பென்சில்

ஜூலை 1, திங்கள்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஹெச்.எம். வசந்தகோகிலா டீச்சர் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு கைகழுவும் குழாய்கள் வரப்போகின்றன. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் ஜமீலாவும் மட்டும் தட்டவில்லை. ‘பாய்மரம்’ இருப்பது அந்தச் சுவரில்தான்.

பாய்மரம் எங்கள் பள்ளியின் சுவர்ப் பத்திரிகை. நானும் ஜமீலாவும் பதினொன்றாம் வகுப்பு. இந்த ஆண்டு நாங்கள்தான் ஆசிரியர்கள். இதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, அவரவர் எழுதியதை அவரவர் கையெழுத்திலேயே ஒட்ட வேண்டும். யாருடைய தாளிலும் யாரும் கைவைக்கக் கூடாது. பலகையில் நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதலாம், அவ்வளவுதான். இரண்டாவது, புதிய இதழைப் பழைய இதழின் மேலேயே மைதாப் பசை போட்டு ஒட்டுவோம். பழையதைக் கிழிப்பதில்லை. பலகை இப்போது மெத்தை மாதிரி தடித்திருக்கிறது.

வேறு சுவர் கேட்டோம். இல்லையாம். எல்லாச் சுவரிலும் ஏதோ ஒரு திட்டத்தின் அறிவிப்பு இருக்கிறது.

“இன்டர்நெட்டுல போடுங்கட்டி. ஊரே அங்கதான கெடக்கு” என்றார்கள் டீச்சர்.

ஜமீலா என் கையைக் கிள்ளினாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். எங்கள் பத்திரிகை தூத்துக்குடியைத் தாண்டப் போகிறது!

ஜூலை 3, புதன்

ஜமீலா செய்துவிட்டாள். ஹைடெக் லேபில், மதிய இடைவேளையில், தயிர்சாதம் ஆறுவதற்குள்.

ஒரு தளத்தில் போய்ப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் போதும், அவர்களே எல்லாம் வைத்திருக்கிறார்கள். பக்கம், படம், எழுத்து என்று ஒவ்வொன்றையும் இழுத்து வைக்க வேண்டியதுதான். மேலே ஒரு பாய்மரக் கப்பல் அசைகிறது! கோலம் போடுவது போல விரலை ஓட்டினாள், பத்திரிகை வந்துவிட்டது.

“ஜெபா, பாத்தியாட்டி? நீ டிபன்பாக்ஸ் மூடியத் தெறக்கதுக்குள்ள ஒரு பத்திரிகை!”

நன்றாகத்தான் இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. என் தயிர்சாதத்தைப் பக்கத்தில் இருந்த தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டேன், பசி இல்லாததால்.

ஜூலை 4, வியாழன்

நூலகத்தில் வலைத்தளங்கள் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. தலையணை அளவு. இதுவரை யாரும் எடுத்ததில்லை, கடன் அட்டை வெறுமையாக இருந்தது. முதல் பெயர் என்னுடையது: வி. ஜெபமலர், 11 ஆ. அகராதியோடு உட்கார்ந்து நாற்பது பக்கம் படித்தேன்.

ஜமீலா செய்தது போக இன்னொரு வழி இருக்கிறது! அதன் பெயர் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர். முதலில் பயமாக இருந்தது. பிறகு அம்மா தீபாவளிக்கு முறுக்குப் பிழிவது ஞாபகம் வந்ததும் புரிந்துவிட்டது. மாவு நம்முடையது, அதாவது நாம் எழுதும் சாதாரண எழுத்துக் கோப்புகள். அச்சு ஒரு நிரல். ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாக் கோப்புகளையும் பிழிந்து பக்கங்களாக்கித் தந்துவிடும். முள்முறுக்கு பிடிக்கவில்லையென்றால் அச்சில் தட்டை மாற்றினால் போதும், மாவு அப்படியே இருக்கும். அந்தப் பக்கங்களை இணையத்தில் எந்த இலவச இடத்திலும் ஏற்றலாம். அந்த இடத்தை மூடிவிட்டால் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஜமீலாவுடையது வாடகை வீடு. கட்டிலும் நாற்காலியும் அவர்களே போட்டிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலி செய்யும்போது கையில் ஒன்றும் வராது. இலவசம்கூட முப்பது நாளைக்குத்தான்.

இதை ஹெச்.எம். டீச்சரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். ஜமீலாவும் பக்கத்தில் நின்று அவள் பக்கத்தைச் சொன்னாள். டீச்சர் இரண்டு பேரையும் கையமர்த்தினார்கள்.

“ரெண்டெல்லாம் வேணாம். ஒண்ணு. ஆகஸ்டு ரெண்டாம் தேதி பெற்றோர் கூட்டம். அன்னைக்கு ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க, உங்க பிள்ளைகள்லாம் கையத் தூக்கட்டும். ஆறாம் தேதி பெயின்டர் வாரான். காம்பவுண்டு சுவத்துல ஸ்கூல் பேருக்குக் கீழ அட்ரஸ எழுதிருவான். எழுதுன பெறகு மாத்துங்க டீச்சர்னு வந்து நிக்கப்படாது.”

“ஒண்ணும் முடிவாகலன்னா டீச்சர்?” என்று கேட்டாள் ஜமீலா.

“அந்த எடத்துல பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவிகிதத்த எழுதச் சொல்லிருவேன். பாய்மரத்துக்கு ஒரு கும்பிடு.”

பாய்மரக் குழுவில் பதிமூன்று பேர் இருக்கிறோம். இன்று கேட்டுப் பார்த்தேன். ஜமீலாவுக்கு ஒன்பது, எனக்கு நான்கு. அந்த நான்கில் நானும் ஒருத்தி.

ஜூலை 6, சனி

ஷீபா அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப்பை எடுத்துவைத்திருக்கிறேன். பேட்டரி நிற்காது, கரன்ட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டில் சரியாக வேலை செய்யும் பிளக் ஒன்றுதான், அது மிக்சியுடையது. அதனால் அடுப்படியில் அரிசி வாளி மேல் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

“சட்னியா, ஒன் சைட்டா? ஒண்ணச் சொல்லு” என்றாள் அம்மா.

சட்னி.

ஜூலை 7, ஞாயிறு

வரவில்லை. கட்டளை கொடுத்தால் நிரல் சிவப்பு எழுத்தில் எட்டு வரி திட்டுகிறது. பூசையில் இருக்கும்போதுகூட அந்த எட்டு வரி கண்முன் ஓடியது. மன்னிக்கவும், ஆண்டவரே.

ஜூலை 8, திங்கள்

வரவில்லை. கணக்குத் தேர்வு.

ஜூலை 9, செவ்வாய்

வந்துவிட்டது!!!

அமைப்புக் கோப்பில் மூன்றாவது வரியில் ஒரே ஓர் இடைவெளி அதிகம். கண்ணுக்கே தெரியாத ஒன்று! அதை எடுத்துவிட்டுக் கட்டளையைக் கொடுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தில் ‘பாய்மரம்’ என்று வந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“இதுக்கா மூணு நாளா சோறு தண்ணி இல்லாம கெடந்த? வெள்ளையா இருக்கு. ஒரு பூ கீ வைக்கலாம்லா?”

அக்கா எட்டிப் பார்த்தாள். “துக்க வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்குட்டி.”

இவர்களுக்குப் புரியாது. இதை யாரும் எனக்கு இழுத்து வைத்துக் கொடுக்கவில்லை. இது எங்கே இருக்கிறது, எப்படி வந்தது என்று அடிமுதல் நுனிவரை எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று! இதோடு சேர்ந்து பயன்படுத்த இன்னொரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளும். யார் மாற்றினார்கள், எந்த நாள், எத்தனை மணி, எந்த வரி என்று எல்லாம். நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில். எப்போது வேண்டுமானாலும் பழையதைத் திருப்பிக் கொண்டுவரலாம். எங்கள் ஒட்டுப்பலகை போலவேதான்! மேலே புதியது, அடியில் பழையது, எதுவும் தொலைவதில்லை. ஓட்டெடுப்பன்று இதைத்தான் கடைசியில் காட்டப்போகிறேன். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

ஜூலை 11, வியாழன்

சுவரின் கடைசி இதழை இன்று ஒட்டினோம். பதினான்காவதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். பேச்சித்தாய், கடைசி பெஞ்ச், அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. இதுவரை ஒரு வரிகூட எழுதித் தந்ததில்லை. மைதாப் பசை வாளியைத் தூக்க மட்டும் வருவாள். இன்று ஒரு தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டு, “சரியில்லன்னா கிழிச்சிரு” என்று சொல்லி ஓடிவிட்டாள்.

அதை இங்கே எழுதி வைக்கிறேன்:

“எங்கம்மா அளத்துக்குப் போவா. விடியுமுன்ன போயி மத்தியானம் வருவா. வந்ததும் படுப்பா. கால்ல வெடிப்பு இருக்கும். வெடிப்புக்குள்ள உப்பு இருக்கும். நான் தேங்காண்ணெ தொட்டு ஊக்கு வச்சு எடுப்பேன். வலிச்சாலும் அம்மா கால இழுக்க மாட்டா. தூங்குற மாதிரி கெடப்பா. தூங்கலன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு நான் சொன்னதில்ல.”

அவ்வளவுதான். தலைப்புகூட இல்லை. படித்ததும் எனக்கு என்னவோ செய்தது, என்னவென்று தெரியவில்லை. அவளே பலகையில் ஒட்டினாள். ஜமீலாவின் தளத்திலும் லேபில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவளே தட்டினாள். நானும் வீட்டில் அப்படியே தட்டிச் சேமித்தேன்.

பிறகு கொஞ்சம் திருத்தினேன். சுவரில் கையெழுத்து, அது வேறு. உலகமே படிக்கப் போகும்போது ஒரு தரம் வேண்டாமா? ‘தாய்மை’ என்று தலைப்பு வைத்தேன். “என் அன்னையின் பாதங்கள் வெண்முத்துகள் விளையும் தாமரை மலர்கள்” என்று தொடங்கினேன். ஊக்கு நன்றாக இல்லை, எடுத்துவிட்டேன். தூங்கினாளா இல்லையா என்ற குழப்பம் படிப்பவருக்கு எதற்கு? “உழைப்பின் களைப்பில் அவள் நிம்மதியாக உறங்குகிறாள்” என்று முடித்தேன். இப்போது போட்டிக்கே அனுப்பலாம் போல இருக்கிறது. பேச்சிக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்!

ஜூலை 15, திங்கள்

ஜமீலாவின் தளத்தில் இருபத்து மூன்று எழுத்துப் பிழைகள் எண்ணினேன். கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள், யார் வேண்டுமானாலும் போய் எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்புச் சுடலைவடிவு பத்து பூனைப் படங்களை வைத்திருக்கிறாள்.

“ஒரு ஒழுங்கு வேண்டாமாட்டி?” என்று கேட்டேன்.

“ஒழுங்கு வேணும்னா ஓரத்துல பென்சில வச்சு எழுது. ஒன்னோடதுல எழுதணும்னா ஒன் வீட்டு அரிசி வாளி மேல உக்காந்திருக்க ஒன்கிட்ட வந்து கெஞ்சணுமே.”

கெஞ்ச வேண்டாம். தாளைக் கொடுத்தால் போதும், நான் தட்டிவிடுவேன். அதைத்தான் சொன்னேன்.

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை.

ஜூலை 18, வியாழன்

நேற்று மொகரம் விடுமுறை. இன்று போய்ப் பார்த்தால் சுவர் இல்லை! கொத்தனார் பூச்சையெல்லாம் பெயர்த்துப் போட்டிருந்தார். பலகையைக் கழற்றிச் சாய்த்து வைத்த இடத்தில் சிமென்ட் தண்ணீர் வழிந்து, காகித மெத்தை மொத்தமாக ஊறிப்போயிருந்தது. உரித்துப் பார்த்தோம், கூழாக வந்தது. பென்சில் மட்டும் நூலோடு பிழைத்தது. அதை என் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

பேச்சி கேட்டாள், “நான் எழுதுனது?”

“அதான் ரெண்டு சைட்லயும் இருக்கே” என்றாள் ஜமீலா.

“அப்ப சரி. கூட்டத்துக்கு எங்கம்மா வாரா. அன்னைக்கு அளத்துல லீவு சொல்லிட்டா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிச்சுக் காட்டணும்.”

ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஜூலை 22, திங்கள்

இன்று என் வாழ்க்கையில் மிக முக்கியமான நாள்களில் ஒன்று.

ஜமீலாவின் ஆள்கள் ஆகஸ்டு இதழை அவளுடைய தளத்தில் போட்டார்கள். எப்படிப் போட்டார்கள் தெரியுமா? சுவரில் ஒட்டுவது போலவே! ஜூலைப் பக்கத்தைத் திறந்து, அதன் மேலேயே ஆகஸ்டை எழுதிவிட்டார்கள். ஆளுக்கொரு கட்டமாக ஜூலையைத் துடைத்துத் துடைத்துத் தங்களுடையதை வைத்தார்கள். பழையது அடியில்தானே இருக்கும் என்று எல்லோருக்கும் நினைப்பு. சுடலைவடிவு திரையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தாள்!

அடியில் ஒன்றும் இல்லை. பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இலவசத்தில் கிடையாதாம். ஜூலை முழுவதும் போய்விட்டது.

ஜமீலா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம். பள்ளி விட்டதும் இரண்டு மக்ரூன் வாங்கித் தின்றேன். காற்று நன்றாக அடித்ததால் துறைமுகச் சாலைவரை சைக்கிளில் போய்விட்டு வந்தேன்.

இன்றைய கணக்கு: ஜமீலாவுக்கு ஆறு, எனக்கு ஏழு. பேச்சி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் எழுத்து பிழைத்திருப்பது என்னிடத்தில் மட்டும்தானே. எனக்குத்தான் போடுவாள்.

ஜூலை 24, புதன்

பென்டிரைவில் கொண்டுபோன என் தளத்தை ஜமீலா லேபில் முதல்முறையாக முழுவதும் படித்தாள்.

“ஜெபா, என் கவிதையில ‘வாப்பா’ எங்கட்டி?”

“பொதுவா எல்லாருக்கும் புரியட்டும்னு ‘தந்தை’ன்னு…”

“எங்க வாப்பாவுக்குப் பதிலா வேற ஆள ஒக்கார வச்சிருக்க. இவரு யாருன்னு எங்க உம்மா கேப்பா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிறகு நூலகத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ‘வாப்பா’ என்று திரும்ப மாற்றிவிட்டேன். அவள் தொட்டாற்சுருங்கி என்பதற்காக மட்டும்.

மற்றவர்களுடையதையும் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் அம்மா மிக்சி கேட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். நல்ல கூட்டம். ஜமீலாவும் வந்தாள், ஒவ்வோர் ஆண்டும் வருவாள். பஞ்சுமிட்டாய் வாங்கினோம். தளத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

குழாயடியில் பேச்சி நின்றாள். “ஜெபா, நான் எழுதுனது அப்பிடியே இருக்குல்லா? ஒரு தடவ பாக்கட்டுமா?”

“இருக்கு. வெள்ளிக்கிழம பெரிய திரையில பாரேன், நல்லா இருக்கும்” என்றேன்.

இருக்கிறதுதானே. பொய் இல்லை. அடியில் இருக்கிறது.

ஆகஸ்டு 1, வியாழன்

நாளை! பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நான்கு முறை பேசிப் பார்த்தேன். சீருடைக்கு இஸ்திரி போட்டேன். துக்க வீட்டு நோட்டீஸ் என்று அக்கா சொன்னதால் மேலே நீலப் பட்டையும் ஒரு சின்னக் கப்பலும் வைத்தேன். அசையாது. ஆனால் நானே வரைந்தது.

ஆகஸ்டு 2, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஹைடெக் லேபில் பெரிய திரை. நாற்பது பெற்றோர். பின்வரிசையில் பேச்சியின் அம்மா, பச்சைச் சேலை, ரப்பர் செருப்பு. கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார்கள்.

முதலில் ஜமீலா. நடந்ததை மறைக்காமல் சொன்னாள். “ஜூலை இதழ் எங்க கையால போயிட்டு. ஆனா இதுல யாரு வேணாலும் நேரா எழுதலாம். ஆறாங் கிளாஸ் பிள்ள கூட.” கப்பல் அசைந்தது. கைதட்டல்.

அடுத்து நான். முறுக்கு அச்சைச் சொன்னதும் அம்மாக்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்! வாடகை வீட்டைச் சொன்னதும் அப்பாக்கள் தலையாட்டினார்கள். என் குரல் நடுங்கவே இல்லை. ‘எதுவும் தொலையாது’ என்ற இடத்துக்கு வந்தேன். அதைக் காட்டுவதற்குள் ஹெச்.எம். டீச்சர் குறுக்கிட்டார்கள்.

“இரு இரு. பேச்சித்தாய் அவ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்னு ஒரு வாரமா என் ரூம் வாசல்ல நிக்கா. அவ எழுதுனத எடு, அவ படிக்கட்டும்.”

பேச்சி முன்னால் வந்தாள். தலையில் புது ரிப்பன். நான் பக்கத்தைத் திறந்தேன்.

“தாய்மை” என்று படித்தாள். “என் அன்னையின் பாதங்கள்…” நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். உதட்டுக்குள் கடைசிவரை படித்துவிட்டாள் என்று தெரிந்தது.

“இது நான் எழுதல டீச்சர்.”

“ஒம் பேருதான போட்டிருக்கு?”

“பேரு என்னுது. எழுத்து என்னுது இல்ல.” பிறகு பின்வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: “எம்மா, நான் இப்பிடி எழுதல.”

 இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுத வேண்டும். தட்டும்போது தவறிவிட்டது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது, கூழான தாள் குப்பை வண்டியில் போயிற்று, ஜமீலாவின் தளத்தில் அழிந்துவிட்டது. ஜமீலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தளத்தை முழுவதும் படித்தவள், அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் மாற்றப் பட்டியலைத் திறந்தேன். கடைசியில் காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைக்க வேண்டும் என்று வைத்திருந்த அதே பக்கம்.

பெரிய திரையில் அது இன்னும் பெரியதாக இருந்தது. பேச்சியின் ஒவ்வொரு வரியும் சிவப்பு. அதன் கீழே என் தாமரை, என் வெண்முத்து, என் நிம்மதி, எல்லாம் பச்சை. ஓரத்தில்: ஜெபமலர், ஜூலை 11, மாலை 6.40.

“நான்தான் மாத்தினேன்” என்றேன். “அவகிட்டக் கேக்கல.” 

எங்கோ யாரோ ‘ச்சு’ என்றார்கள். எங்கள் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சி சிவப்பு வரிகளின் அருகே போனாள். திரையில் விரலை வைத்தாள். “இதத் திருப்பிக் கொண்டாற முடியுமா?”

“முடியும்.”

ஒரே ஒரு கட்டளை. இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது முறை வந்தது. வெள்ளைப் பக்கம், தலைப்பு இல்லை, ‘எங்கம்மா அளத்துக்குப் போவா.’

அவள் படித்தாள். முதலில் மெதுவாக, பிறகு நன்றாகக் கேட்கும்படி. ஊக்கு என்ற இடத்தில் யாரோ ‘அய்யோ’ என்றார்கள். பேச்சியின் அம்மா சேலைக் கரையால் கால்களை மூடினார்கள். “தூங்கலன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு நான் சொன்னதில்ல” என்று முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து அந்தம்மாதான் பேசினார்கள்.

“தெரிஞ்சுதான் அந்தக் குத்துக் குத்தினியாட்டி?”

லேபே சிரித்தது. அந்தம்மாவும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். “கால இழுத்தா நீ பயந்துருவன்னுல்லா மூச்சுக் காட்டாமக் கெடந்தேன்.”

பிறகுதான் கைதட்டல். குழாயடிவரை கேட்டிருக்கும்.

ஓட்டு மிச்சம் இருந்தது. எனக்குப் போடுங்கள் என்று கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஜமீலா எழுந்து ஹெச்.எம். டீச்சரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தாள், அதற்குள் பேச்சி என்னிடம் திரும்பினாள்.

“இதுல யாரு மாத்துனாலும், யாரு மாத்துனான்னு காட்டிக் குடுத்துருமா?”

“ஆமா.”

“நீ மாத்துனாலும்?”

“பாத்தேல்லா.”

“அப்ப என் ஓட்டு இதுக்குத்தான்” என்று கையைத் தூக்கினாள்.

ஜமீலாவும் தூக்கினாள்! “ஆனா ஒரு கண்டிஷன் டீச்சர். சாவி இவ ஒருத்தி கையில இருக்கப்படாது. மத்த பதிமூணு பேருக்கும் இவளே சொல்லித் தரணும். அரிசி வாளியில இருந்து எறங்கச் சொல்லுங்க.”

“எறங்குதியா?” என்றார்கள் டீச்சர்.

“எறங்குதேன் டீச்சர்.”

பதினான்கு கைகள். என்னுடையதைக் கடைசியாகத் தூக்கினேன்.

கூட்டம் கலையும்போது பேச்சியின் அம்மா பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குள் அவர்களே கேட்டார்கள்: “தாமரைன்னா போட்ட?” செருப்பிலிருந்து காலை எடுத்து எனக்குக் காட்டினார்கள். “நல்லாப் பாத்துக்க தாயி. இதுல எங்க தாமரை?”

பார்த்தேன். வெடிப்புகளுக்குள் வெள்ளையாகக் கோடுகள் இருந்தன.

ஆகஸ்டு 3, சனி

அரிசி வாளியில் உட்காரவில்லை. காலையில் சிறப்பு வகுப்பு முடிந்ததும் ஹெச்.எம். டீச்சர் லேபைத் திறந்துவிட்டார்கள். மற்றப் பதிமூன்று பேருக்கும் கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே கூச்சல்! சுடலைவடிவு அமைப்புக் கோப்பில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிட்டாள். எட்டு வரி சிவப்பில் வந்தது, அதே எட்டு வரி! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று நாள் ஆனதை மூன்று நிமிடத்தில் சரிசெய்தோம்.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ‘ஓரத்துப் பென்சில்’ என்று ஒரு பகுதி வைக்க வேண்டும் என்றாள் ஜமீலா. யாரும் யாருடையதையும் மாற்றக் கூடாது, அங்கே எழுதலாம். அசையும் கப்பல் வேண்டும் என்றும் அடம்பிடிக்கிறாள். எப்படிச் செய்வது என்று புத்தகத்தில் 212-ஆம் பக்கத்தில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து படிக்கப் போகிறோம்.

பேச்சி யாரிடமும் கேட்காமல் தானாகவே ஒரு கோப்பைச் சேமித்தாள். பட்டியலில் என் பெயருக்கு மேலே ‘பேச்சித்தாய், ஆகஸ்டு 3’ என்று வந்தது. அதை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

ஆகஸ்டு 6, செவ்வாய்

நேற்று மாதா கோயில் திருவிழா, ஊருக்கே விடுமுறை. இன்று பெயின்டர் வந்தார். சாரத்தில் ஏறிப் பள்ளிப் பெயருக்குக் கீழே நீலத்தில் பாய்மரத்தின் முகவரியை எழுதினார். நாங்கள் பதினான்கு பேரும் சாலையின் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்று ஒவ்வோர் எழுத்துக்கும் கத்தினோம். ஒரு மினிபஸ் டிரைவர் நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார். ஜமீலா அவருக்கு முகவரியைச் சொல்லி, இன்றே படிக்கச் சொன்னாள்.

“சரியாருக்கா பாருங்கம்மா. இதுக்கு அடியில நகல் கிகல் ஒண்ணும் கெடையாது” என்றார் பெயின்டர். அவர் காதுவரை போயிருக்கிறது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் சாலையைக் கடந்து, சுவரோரமாக நடந்து, ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுக் கையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஜூலை 11 பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஸ்டேப்ளர் முள்ளைக்கூட நிமிர்த்திவிட்டேன். பிறகு முள்ளைத் திரும்ப மடக்கிவிட்டு, பெட்டியிலிருந்து நூல் கட்டிய அந்தப் பென்சிலை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் எதையும் மாற்றவில்லை. ஓரத்தில் மட்டும் எழுதினேன்:

“இதில் தாமரை இல்லை. பார்த்தேன். ஜெபமலர், ஆகஸ்டு 6.”